சைரீனை உருவாக்கியது பாட்டஸா, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களா?

நடுவர் அவர்களே, முதல் அரசர் பாட்டஸ் இல்லாவிட்டால், லிபியாவில் பண்டைய கிரேக்கர்கள் குடியேறி அமைத்த சைரீன் நகரமே இல்லை என்று எதிரணியினர் அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, அவர்கள் சாட்சிக்கு அழைத்த பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸையே நானும் அழைக்கிறேன்.

தேரா தீவில், இன்றைக்கு சாண்டோரினி என்கிறோமே அதே தீவில், ஏழு வருடம் மழை இல்லை, ஒரே ஒரு மரத்தைத் தவிர அத்தனையும் பட்டுப்போனது என்கிறார் அவர். அந்தத் தீவுக்காரரான பாட்டஸ், குறி சொல்லும் கோயில் இருந்த டெல்ஃபிக்குப் போனது தன் திக்குவாய்க்கு வழி கேட்க. லிபியாவுக்குப் போய் நகரம் அமை என்று குறி வந்தது. அந்த ஆசை அவருடையதே இல்லை!

கி.மு. 631 வாக்கில் கப்பலேறியவர்கள் யார்? அண்ணன் தம்பிகளுக்குள் சீட்டுப்போட்டுப் பிரித்தெடுத்த பிள்ளைகள். சைரீனில் கிடைத்த கல்வெட்டு ஒன்று அந்த உறுதிமொழியைச் சொல்கிறது: போக மறுத்தால் மரணம், ஒளித்துவைத்த அப்பனுக்கும் அதே தண்டனை. ஆண், பெண், சிறுவர், சிறுமியர் எல்லோரும் கூடி மெழுகுப் பொம்மைகளை எரித்து, மீறுகிறவன் இப்படியே உருகிப்போகட்டும் என்று சபித்தார்களாம். அப்படிப் போனவர்கள் முடியாமல் திரும்பி வந்தபோது, கரையில் நின்ற சொந்த ஊர்க்காரர்களே அடித்து விரட்டினார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அப்புறம் லிபியக் கரையோரத்தில் பிளாட்டியா என்ற தீவில் இரண்டு வருடம், அதற்கு எதிர்க்கரையில் அசிரிஸ் என்ற இடத்தில் ஆறு வருடம். அங்கிருந்து சைரீனுக்கு வழிகாட்டியதும் பாட்டஸ் இல்லை, லிபிய மக்கள். வழியில் இருந்த இராசா என்ற நல்ல நிலப்பகுதி இவர்கள் கண்ணில் படாதபடி இரவிலேயே அதைக் கடந்து கூட்டிப்போனார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் கொண்டுவந்து நிறுத்தியது ஊற்று இருந்த இடத்தில், 'இங்கே வானத்தில் ஓட்டை இருக்கிறது' என்று மழையையும் சொல்லி!

நாற்பது வருடம் ஆண்டாரே என்கிறார் எதிரணித் தலைவர். ஆண்டார், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாற்பதிலும், மகன் ஆர்க்கெசிலாஸ் ஆண்ட பதினாறிலும் முதலில் வந்த அளவுக்கு மேல் ஜனம் கூடவில்லை என்று ஹெரடோட்டஸே எழுதியிருக்கிறார். நகரம் பெருகியது பேரன் காலத்தில், நிலம் தருகிறோம் என்ற அழைப்பை நம்பி வந்த கிரேக்கர்களால். அந்த நிலமும் வழிகாட்டிய லிபியர்களிடமிருந்து பிடுங்கியதுதான். எதிரணியினர் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.