பற்றை என்னும் சொல்

அவையோருக்கு வணக்கம். முட்செடிகளும் கொடிகளும் ஆளுயரச் சிறுமரங்களும் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும் இடத்தை யாழ்ப்பாணத்தில் நாம் பற்றை என்கிறோம். தமிழகத்து நண்பர்கள் இச்சொல்லைக் கேட்டால் 'புதர்தானே?' என்பார்கள். ஆம் என்று விடை கூறிவிடலாம். ஆனால் அவ்விடையில் ஒரு பொருள் நழுவிவிடுகிறது.

புதர் என்பதன் பழைய வடிவம் புதல். முசுண்டையும் பீர்க்கும் 'புதற்புதல் மலர' என்று நெடுநல்வாடை மழைக்காலத்தைக் காட்டுகிறது. அந்த முசுண்டையைத்தான் நாம் முசுட்டை என்று அழைத்து, இலையைப் பறித்து வறை செய்கிறோம். இன்றும் அது பற்றைகளின்மேலேதான் படர்ந்து கிடக்கிறது. புதல் என்ற சொல்லில் புதைத்தல், அதாவது மூடி மறைத்தல் என்ற கருத்து இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புதரைக் குறிக்கும் மற்றொரு சொல்லான தூறு என்றால் ஓர் அடியிலிருந்து பல தண்டுகள் வெடித்தெழும் தோற்றம் கண்முன் வரும். பற்றையோ பற்றுதலில் பிறந்த சொல். காரையின் கிளைக்குள் சூரை நுழைந்து, சூரையின் வளைந்த முள்ளில் கொவ்வைக்கொடி தொற்றி, ஒன்றை இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும் அந்தப் பிணைப்பே இதன் உயிர்ப்பொருள் என்று நான் கருதுகிறேன். உள்ளே கால்வைத்தவரின் வேட்டியையும் அது பற்றிக்கொள்ளும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஈச்சம்பற்றை, தாழம்பற்றை என ஓரினச் செடிகள் செறிந்து நிற்பதற்கும் இச்சொல் பொருந்துகிறது.

காட்டிலிருந்தும் இதைப் பிரித்தறிய வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலான ஆனையிறவைக் கடந்து, தெற்கேயுள்ள வன்னி நிலப்பரப்புக்குள் சென்றால் பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிற்கும் காடு. அங்கே மரநிழலில் மனிதர் நடக்கலாம். பற்றைக்குள் கத்தியின்றி நுழைய இயலாது. நம்மூர் வழக்கில் பற்றைக்காடு என்னும் கூட்டுச்சொல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் குறிக்கிறது. குறுங்காட்டைக் குறிக்கும் இறும்பு என்ற பழஞ்சொல்லுக்கு மிக அணுக்கமாக நம்மிடம் வாழும் சொல் இதுவே. நல்லூருக்கு அண்மையில் கள்ளியங்காடு என்று ஓர் ஊர் இருக்கிறது. குடாநாட்டார் காடு என்று பெயரிட்ட இடத்திலும் நின்றது கள்ளிதான் என்பதை அப்பெயரே சொல்லுகிறது.

இனி, அகராதிகளில் எளிதில் அகப்படாத பொருளுக்கு வருகிறேன். 'காணி பற்றையாய்க் கிடக்கு' என்று ஒருவர் சொன்னால், அங்கே என்ன செடி நிற்கிறது என்று நாம் கேட்பதில்லை. உரியவர் எங்கே என்றுதான் கேட்கிறோம். கொத்துவாரும் நீர் இறைப்பாரும் இல்லாத காலத்தை இச்சொல் அளந்து காட்டுகிறது. 1990 இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்குப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுட் பலர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே தம் காணிகளைக் கண்டார்கள். அப்படி மீண்ட உறவினர் ஒருவருடன் நானும் சென்றிருந்தேன். எல்லைவேலி எது, வளவு எது என்று தெரியவில்லை. எங்கோ ஒரு கிணறு திறந்து கிடக்கும் என்ற அச்சத்தில், ஒவ்வோர் அடியையும் தடியால் தட்டிப் பார்த்தபடி பற்றையை வெட்டிச் சென்றோம். பின்னேரமளவில் ஈச்சை மட்டைகளுக்கிடையே நீர் இறைக்கும் துலாவைத் தாங்கிய கல்தூண் தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, 'இதுதான் எங்கட கிணறு' என்றார் அவர்.