4 பேர்ச் காடும் ஒரு மண்வெட்டிப் பிடியும்

வணக்கம் உறவுகளே. கெமரா ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாங்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கைபேசி இப்போது கொய்யா மரத்துக் கவட்டையில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் தெரிவது புகை இல்லை, பனிமூட்டம். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மஸ்கெலியாப் பக்கத்தில் நண்பகல்கூட இப்படித்தான். மேகம் விலகினால் அதோ அந்த மூலையில் சிவனொளிபாத மலை தெரியும். போன காணொளியிலும் இதையேதான் சொன்னேன், அதிலும் தெரியவில்லை.

போன காணொளி எப்போது வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். மார்ச் மாதம். "வாரம் ஒன்று நிச்சயம்" என்று அதில் கையை உயர்த்திச் சொன்னதும் நானேதான். இன்று பொசன் போயா, பௌர்ணமி, இரவு வரை எனக்கு விடுமுறை. அதனால்தான் இந்த முகத்தைப் பார்க்கிறீர்கள்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், தோட்டத்தைப் பிறகு காட்டுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வருகிறேன். தலையில் தேயிலைத் தூள், காதில் இன்னும் கொழுந்து உருட்டுகிற ரோலர் சத்தம். இந்தக் கல்லுக்கட்டின் மேல் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். "தம்பி, இது மரக்கறித் தோட்டமா, பன்றி படுக்கிற இடமா?" என்றார். மாதம் முடிவதற்குள் துப்புரவு செய்யாவிட்டால், இந்தத் துண்டைக் கேட்டுக்கொண்டிருக்கிற வேறு யாருக்காவது பிரித்துக் கொடுத்துவிடுவார்களாம்.

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். மானாப்புல் என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே பன்றி படுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இது லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற 4 பேர்ச் துண்டு. ஒரு பேர்ச் என்றால் ஏறக்குறைய 25 சதுர மீட்டர், ஆக மொத்தம் 100 சதுர மீட்டர். தாத்தா காலத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஒதுக்கிக் கொடுத்த இடம். இந்தக் கல்லுக்கட்டு முழுவதும் அவர் கையால் அடுக்கியது. உறுதி கிடையாது, பத்திரம் கிடையாது. பயிர் நிற்கிறவரை நம்முடையது, அவ்வளவுதான். அதனால் புல் வளர்வது வெறும் புல் வளர்வது இல்லை, விளங்குகிறதா?

சரி, ஏன் இப்படிக் கிடந்தது? ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ஏப்ரலும் மேயும் எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை விழுந்ததும் மலை முழுவதும் ஒரே நேரத்தில் தளிர்க்கிறது. 100 கிலோ பச்சைக் கொழுந்து வந்தால் 21, 22 கிலோ தூள்தான் கிடைக்கும், மிச்சமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரின் ஒரு பகுதியை முதலில் இரவு முழுக்கக் காற்றடித்து வாட்ட வேண்டும். ஈரமான நாளில் வாடவே வாடாது. தொட்டால் கைக்குட்டை மாதிரித் துவள வேண்டிய கொழுந்து, கீரைக்கட்டு மாதிரி முறுமுறுவென்று நிற்கும். பின்னிரவு இரண்டு மணிக்கு ரோலரில் போட வேண்டியது நான்கு மணிக்குப் போகும், அடுப்பு அணைய விடியும். கொழுந்துக்கு ஞாயிறு கிடையாது. நான் படுத்து எழும்பினால் பகல் இரண்டு மணி, அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ளும். இப்படியே ஒன்பது வாரம் போய்விட்டது.

மார்ச் காணொளியில் உருளைக்கிழங்கு நட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? 5 கிலோ விதைக்கிழங்கு. முளைப்பு மேலே பார்க்க வேண்டும் என்றெல்லாம் பெரிய விவசாயி மாதிரி உங்களுக்குப் பாடம் எடுத்தேன். மூன்று, நான்கு வாரத்தில் மண் அணைக்க வேண்டும் என்றும் நான்தான் சொன்னேன். அணைக்கவில்லை. கிழங்கு மண்ணுக்கு மேலே தலைநீட்டி வெளிச்சம் பட்டுப் பச்சையாகிவிட்டது. பச்சையானதைத் தின்னக் கூடாது, அதில் நஞ்சு ஏறியிருக்கும். மாட்டுக்கும் போட வேண்டாம். மிச்சமிருந்ததை மே மாதப் பனியில் கருகல் நோய் பிடித்தது. திங்கட்கிழமை இலை ஓரத்தில் எண்ணெய் பட்ட மாதிரி ஒரு புள்ளி. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சை, சுண்ணாம்பு தடவியது போல. வெள்ளிக்கிழமை பாத்தி முழுவதும் வேகவைத்த கீரை.

தோண்டி எடுத்ததை அம்மா தராசில் நிறுத்தார். 3 கிலோ. அதில் ஒரு கிலோ பச்சை. ஐந்து கிலோவை நட்டு இரண்டு கிலோ சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது. அம்மா எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு கிழங்குக் கறி வைத்து, எனக்கு மட்டும் சரியாக இரண்டு துண்டு போட்டார்.

எனக்கு ஒரே ஆறுதல் சாமுவேல் பேக்கர்தான். 1848இல் இங்கிலாந்திலிருந்து நுவரெலியாவுக்கு மாடு, கலப்பை, கொல்லன் என்று ஒரு ஊரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து பண்ணை போட்டாரே, அந்த வெள்ளைக்காரர். அவருடைய உருளைக்கிழங்கையும் புழு தின்றது, ஓட்ஸ் பயிரை மரையும் பன்றியும் மேய்ந்தன. அவருக்காவது ஆள் பேர் இருந்தார்கள், ரோலரும் இல்லை.

இனி மண்வெட்டி. இதைப் பற்றி நான் கதைக்காமல் விட மாட்டேன்.

உத்தியோகத்தர் போன மறுநாள், தூக்கத்தை விட்டுவிட்டு மண்வெட்டியோடு இறங்கினேன். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, அட்டைக்கு. முதல் கொத்து. இரண்டாவது கொத்தில் இரும்பு மண்ணிலேயே நின்றுவிட்டது, பிடி மட்டும் என் கையோடு வருகிறது! மார்ச் மாதத்திலிருந்து மழையில் கிடந்ததில், இரும்புக் காதுக்குள் இருந்த மரம் பாண் மாதிரி ஊறிவிட்டது. குற்றம் என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ் ஏறிக் கடைக்குப் போய்ப் பிடி என்ன விலை என்றால், 950 ரூபாய். வெறும் பிடி. நுனியில் விரல் நுழைகிற வெடிப்பு, நடுவில் ஒரு கணு, இழைத்த அடையாளமே இல்லை. போன வருடம் 600க்கு வாங்கியது இதைவிட நல்லது. அடுத்த கடையில் 900 என்றார்கள், ஆனால் அது வளைந்திருந்தது. மூன்றாவது கடை பூட்டியிருந்தது. கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து 950 கொடுத்து வாங்கினேன். "முதலிலேயே எடுத்திருக்கலாமே" என்று கடைக்காரர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் விலை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்க்கிறார். உண்மையாகவே முகர்ந்தார். "ஈர மரம். ஒரு மாதத்தில் சுருங்கிக் கழன்றுவிடும். உன் அப்பா கொய்யாக் கம்புதானே போடுவார், பரணில் பார்" என்றார். அடுப்புக்கு மேலே பரணில், புகை குடித்துக் கருத்து, இரண்டு கொய்யாக் கம்புகள். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. சீவி, நுனியை ஒடுக்கி, எப்போதோ தயாராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் 950 ரூபாயைக் கொட்டிவிட்டு வந்து நிற்கிறேன், அது தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

இதோ, இதுதான். வெளிச்சத்தில் காட்டுகிறேன். இந்த நுனி இரும்புக்குள் இறுகப் போயிருக்கிறது பாருங்கள். அடித்து ஏற்றிவிட்டு ஒரு இரவு வாளித் தண்ணீரில் நிற்க வைத்தேன், மரம் ஊதிப் பிடித்துக்கொண்டது. கடையில் வாங்கியது கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுகிறது.

இப்போது தோட்டம். முழுவதையும் வெட்டவில்லை. போன வருடம் செய்த முட்டாள்தனம் அதுதான். இரண்டு நாளில் நான்கு பேர்ச்சையும் கொத்திப் போட்டேன், மூன்று வாரத்தில் நான்கு பேர்ச்சும் மறுபடி புல். இந்த முறை ஒன்றரை பேர்ச் மட்டும்தான் பயிர். மிச்சத்தில் புல்லைக் கவ்வாத்துக் கத்தியால் அடியோடு அறுத்து, அதே புல்லை அதன் மேலேயே கணுக்கால் உயரத்துக்குப் பரப்பிவிட்டேன். வெளிச்சம் போகாவிட்டால் களை எழும்புவது குறையும், மழையில் மண்ணும் கரையாது. தேயிலை மலையில் மானாப்புல்லைப் பரப்புவார்களே, அதே வித்தைதான். அட்டைகளுக்கு நான் மாளிகை கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று அம்மா சொல்கிறார். அதுவும் உண்மை.

பயிர் செய்த பக்கத்தில் லீக்ஸ். 120 நாற்று. கந்தப்பளைப் பெரியம்மா ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். ஒவ்வொன்றும் ஈர்க்கு அளவு தடிமன்தான். வேர் நுனியையும் இலை நுனியையும் கத்தரித்துவிட்டு, குச்சியால் குழி போட்டு உள்ளே இறக்கியதோடு சரி. எனக்கு உலகத்தில் பிடித்த மரக்கறி இதுதான். நம்மைத் தேடாது. ஒரு வாரம் போகாவிட்டாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. வெள்ளைத் தண்டும் பச்சை இலையும் எல்லாமே சட்டிக்குப் போகும். மூன்று மாதத்தில் எடுக்கலாம், கொஞ்சம் தாமதமானாலும் குற்றமில்லை. எண்ணிப் பார்த்தேன், 120இல் 113 நிற்கிறது. நூற்றுப் பதின்மூன்று! சத்தமாகச் சொன்னதற்கு மன்னிக்கவும்.

அடடா, நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். நடுவதற்கு முன்னால் டொலமைட், அதாவது மண்ணின் புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்புத் தூள், போட்டேன். இது பழைய தேயிலை மண், புளிப்பு அதிகம். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பார்த்து, பி.எச். 4.7 என்றார். அந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தேயிலைக்கு அது சொர்க்கம். மரக்கறிக்கு 6க்கு மேலே வர வேண்டும். டொலமைட்டைப் போட்டுக் கிளறி, சில வாரம் விட்டுப் பிறகுதான் நட வேண்டும். எனக்கு ஏது சில வாரம்? மாத முடிவு கழுத்தில் நிற்கிறது. எட்டே நாளில் நட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய கூத்து, ஒரே நாளில் டொலமைட்டையும் கோழி எருவையும் சேர்த்துக் கலந்துவிட்டேன். அப்படிச் செய்தால் எருவிலிருக்கிற சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். சத்து போனதை நான் பார்க்கவில்லை. ஆனால் முழு லயமும் முகர்ந்தது. ஆறு வீட்டிலும் ஜன்னல் சாத்தினார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை வந்து, "மாமா, எது செத்தது?" என்று கேட்டது.

உத்தியோகத்தர் நேற்று மறுபடி வந்தார். கல்லுக்கட்டில் ஏறவில்லை, வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கீழே நின்றபடியே எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் ஏன் சும்மா கிடக்கிறது?" என்றார். சும்மா இல்லை, மூடாக்கு என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" சரி என்பதா, பார்க்கலாம் என்பதா என்று நானும் அம்மாவும் நேற்று இரவு முழுவதும் கதைத்தோம். அம்மா சரி என்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதனால்தான் அந்த ஓரத்தில் இன்னும் இரண்டு பாத்தி திறக்கப் போகிறேன்.

அதில் என்ன போடலாம் என்று நீங்கள் எழுதுங்கள். கரட் என்றால் நேரடியாக விதைக்க வேண்டும், களைக்கு நடுவில் தேடிப் பிடிப்பது பாடு. போஞ்சி என்றால் கம்பு ஊன்ற வேண்டும், ஆனால் இரண்டு மாதத்தில் காய்க்கும். என் மனம் போஞ்சிப் பக்கம் சாய்கிறது. கோவா வேண்டாம், புளிப்பு மண்ணில் வேர் விரல் விரலாக வீங்கும் நோய் வந்தால் பிறகு பல வருடம் மண்ணை விட்டுப் போகாது. நோக்கோலும் அதே சாதிதான். அந்த நோய் இல்லாவிட்டாலும் நோக்கோல் போட மாட்டேன், அது மரக்கறியே இல்லை, தண்ணீர் ஊற்றி வைத்த மரக்கட்டை. போன முறை ஆகக் கூடுதலாக வந்த பதில் நோக்கோல் என்பதால் சொல்கிறேன்.

சரி, மழை இறங்குகிறது, கைபேசி நனைகிறது. இரவு பத்து மணிக்கு வேலை. மண்வெட்டியை இந்த முறை உள்ளே எடுத்துக்கொண்டுதான் போகிறேன், பாருங்கள், கையில் இருக்கிறது.