டிரிப் கணக்கும் லடாக் சாலையும்

கோவை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

சங்ககிரியில் பிறந்தவளைப் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், பேச்சு எப்படியும் லாரியில்தான் போய் நிற்கும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரியோ போர்வெல் ரிக் வண்டியோ சம்பந்தப்படாத குடும்பம் குறைச்சல். எங்கள் வீட்டிலும் லாரி இருந்தது. வடக்கே லோடு போன வண்டி திரும்பி வந்ததும் அப்பா நோட்டை விரித்து டிரிப் கணக்குப் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிச் சொல்லுவேன். பின்னாளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லடாக் கிளம்பியபோது எனக்குக் கை கொடுத்தது அந்த நோட்டுத்தான்.

லடாக் போய் வந்தவள் என்று தெரிந்தால் இளவட்டங்கள் முதலில் கேட்பது, "அக்கா, என்ன வண்டி?" அடுத்தது, "பெட்ரோலுக்கு எவ்வளவு ஆச்சு?" எத்தனை நாள் ஆகும் என்று கேட்பவர்கள் அபூர்வம். பணம் கரைவது என்னவோ அங்கேதான்.

லாரிக் கணக்கில் இரண்டு பக்கம் உண்டு. வண்டி ஓடினால் வரும் செலவு ஒன்று: டீசல், டயர், ஆயில். வண்டி நின்றாலும் வரும் செலவு இன்னொன்று: டிரைவர் படி, சாப்பாடு, தவணை. அப்பா அடிக்கடி சொல்லுவார்: "அம்மிணி, ஓடுற வண்டி கேக்கறத வாங்கிக்கிட்டு ஓடீரும். நிக்கற வண்டிதான் ஊட்டையே திங்கும்." மோட்டார் சைக்கிளுக்கும் இதே இரண்டு பக்கம்தான். கிலோமீட்டர் கணக்கு ஒன்று, நாள் கணக்கு ஒன்று.

போட்டுப் பார்ப்போமுங்களா? சேலத்தில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று அதே எண் ஸ்ரீநகர் வரைக்கும் கூடவே வரும். அங்கிருந்து கார்கில் வழியாக லடாக்கின் பெரிய ஊரான லே. திரும்பும்போது மணாலி வழி. லடாக்கின் உள்ளே சுற்றுவதையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். 350 சிசி வண்டி லிட்டருக்கு 35 கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எரிபொருளுக்குச் சுமார் 23,000. ஆயில், செயின், பிரேக், டயர் தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் எடுத்து வைத்தால் 12,000. ஆக, கிலோமீட்டர் பக்கம் 35,000.

இனி நாள் பக்கம். சமவெளியில் தினம் 400, 450 கிலோமீட்டர். மலையில் 200 கூடச் சில நாள் வராது. ஓய்வு நாளும் வேண்டும். நான்கு வாரத்துக்குக் குறைந்து நிம்மதியாகப் போய்வர முடியாதுங்க. சாதாரண அறை, சாப்பாடு, டீ, சில்லறை என்று ஒரு நாளைக்கு 1,500 வைத்தால் 28 நாளுக்கு 42,000. பெட்ரோலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

100 சிசி வண்டியில் போகலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். லிட்டருக்கு 60 கிடைத்தால் பெட்ரோல் செலவு 13,000 சொச்சத்துக்கு இறங்கும். மிச்சம் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஆறேழு நாள் செலவு. ஆனால் ஏற்றத்தில் மெதுவாகப் போய் மூன்று நான்கு நாள் கூடிவிட்டால் அதில் பாதி போய்விடும். இருக்கிற வண்டியைச் சரி பண்ணி ஓட்டுங்கள் என்பதுதான் என் கட்சி. பயணத்துக்காகவே கடன் வாங்கிப் புது வண்டி எடுப்பவர்கள், திரும்பி வந்த பிறகும் அந்தப் பயணத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

வண்டிக்குக் காசு சேர்ப்பது என்றதும் நம் ஜி.டி. நாயுடு நினைவுக்கு வருகிறார். இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்து, 300 ரூபாய் போலச் சேர்த்து அந்த வண்டியையே வாங்கினவர். வாங்கி, பிரித்துப் பூட்டியும் பார்த்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டது அதற்குப் பிறகு. அவர் அளவுக்கு வேண்டாம். பன்சர் ஒட்டவும், செயினை இறுக்கவும், கிளட்ச் கேபிள் மாற்றவும் கற்றுக்கொண்டால் போதும். பட்டறைக்காரரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் சொல்லித் தந்துவிடுவார். வழியில் வண்டி படுத்துவிட்டால் மெக்கானிக் கூலி பெரிசில்லை. அவருக்காகக் காத்திருக்கும் நாள்தான் பெரிசு.

எப்போது போவது? மே, ஜூனில் நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஜூலை, ஆகஸ்டில் இமாசலப் பக்கம் மழை கொட்டும், மண் சரியும்; சாலை மூடினால் திறக்கிற வரைக்கும் லாட்ஜ் வாடகைதான். நான் சொல்வது செப்டம்பர். மழை ஓய்ந்து வரும், மலைச்சாலையும் திறந்தே இருக்கும். அக்டோபருக்கு ஒத்திப்போட்டால் பனி முந்திக்கொள்ளலாம்.

போகும்போது ஸ்ரீநகர், திரும்பும்போது மணாலி என்று சொன்னதற்குக் காரணம் உயரம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். மணாலி அதைவிடத் தாழ்வு. அங்கிருந்து கிளம்பி அன்று இரவே லே போகும் வழியில் உள்ள சர்ச்சுவில் தங்கினால் 4,200 மீட்டருக்கு மேலே படுக்கிறீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். ஸ்ரீநகர் வழியில் உயரம் படிப்படியாகக் கூடும். இடையில் ஜோஜி லா கணவாய் 3,500 மீட்டரைத் தாண்டினாலும், இறங்கி வந்து 2,700 மீட்டரை ஒட்டிய கார்கிலில் படுக்கலாம். மறுநாள் லே, 3,500. அங்கே இரண்டு நாள் எங்கேயும் போகாமல் இருக்க வேண்டும். அந்த 3,000 ரூபாயில் சிக்கனம் பார்க்காதீங்க.

அந்த மணாலி சாலையில் கேலாங் அருகே டாண்டி பெட்ரோல் பங்க்கில் ஒரு பலகை பெயர் பெற்றது: அடுத்த பங்க் 365 கிலோமீட்டர். திரும்பும் வழியில் லே பக்கமே டேங்க்கை நிரப்பிக்கொண்டு, கூடவே ஐந்து லிட்டர் கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்திலும் குளிரிலும் ஊரில் கிடைத்த மைலேஜ் கிடைக்காது.

நான்கு வாரம் யார் லீவு கொடுப்பார்கள் என்கிறீர்களா? நியாயம்தான். வண்டியை ரயில் பார்சலில் டெல்லிக்கு ஏற்றிவிட்டு நீங்கள் பின்னால் போகலாம். பார்சல் அலுவலகத்தில் பெட்ரோலைச் சுத்தமாக வடிக்கச் சொல்லுவார்கள், ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும். ரயிலில் போகும் நாள் போக, ஒரு வழிக்கு நான்கு நாள் போல மிச்சமாகும், அந்த நான்கு நாளுக்கு 6,000, பெட்ரோல் தனி. ஆனால் இரண்டு வழியும் ரயிலில் அனுப்புவதாக இருந்தால் அங்கேயே வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாமே! அதையும் லேவிலேயே எடுக்க வேண்டும். மணாலியில் எடுத்த வாடகை வண்டியை லேவைச் சுற்றி ஓட்ட உள்ளூர் வண்டிக்காரர்கள் விடுவதில்லை.

கிளம்பும் முன் ஒத்திகை ஒன்று கட்டாயம் வேண்டுமுங்க. மூட்டை முடிச்செல்லாம் கட்டி, முழு எடையோடு கொல்லிமலை ஏறுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டியின் மூச்சு தெரியும், இறங்கும்போது பிரேக்கின் யோக்கியதை தெரியும். ஆடி மாதமாக இருந்தால் பல்லடத்திலிருந்து உடுமலைக்கு ஓட்டிப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, இருபுறமும் பெட்டி கட்டின வண்டி எப்படித் தள்ளாடுகிறது என்று புரியும். வீடு திரும்பினதும் பாதிச் சாமானைத் தானாகவே இறக்கி வைப்பீர்கள். பருப்புப்பொடி டப்பாவை மட்டும் இறக்காதீங்க. பத்து நாள் ரொட்டியும் பருப்பும் தின்ற பிறகு அதன் அருமை தெரியும்.

சில்லறை விஷயங்கள். தேசிய நெடுஞ்சாலை சுங்கச் சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமில்லை. ஆனால் டெல்லி, ஆக்ரா இடையே யமுனா எக்ஸ்பிரஸ் சாலையில் உண்டு. ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் நம் ஊர் ப்ரீபெய்டு சிம் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். இன்சூரன்ஸ் பயணத்தின் நடுவில் முடிகிறதா என்று பாருங்கள். லேவைத் தாண்டினால் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். இருட்டின பிறகு ஓட்டவே கூடாது. லாரிக்காரர்கள் ஓட்டுகிறார்களே என்றால், அவர்கள் உட்கார்ந்திருப்பது நான்கு பக்கமும் தகரத்துக்குள். வழியில் தாபாவில் டி.என். 28, 34, 52 என்று நம் பக்கத்துப் பதிவெண் லாரி கண்ணில் பட்டால் நிறுத்திப் பேசுங்கள். முன்னால் சாலை எப்படி என்று எந்த செயலியையும்விடச் சரியாக அவர்தான் சொல்லுவார்.

எல்லை தாண்டுவதானால் நாள் கணக்கு இன்னும் கெட்டியாகிவிடும். நேபாளத்தில் வண்டிக்கு எத்தனை நாள் என்று கேட்டுத்தான் எல்லையில் சுங்கம் வாங்குவார்கள். அடையாளத்துக்கு வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ வேண்டும், ஆதார் போதாது. பூட்டானில் ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் கட்டணம். ஈரான் பக்கம் போகிற பெரிய ஆசை இருந்தால் வண்டிக்குக் கார்னே என்ற சுங்கப் புத்தகம் எடுக்க வேண்டும். மும்பையில் மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. அதற்கு வங்கி உத்தரவாதம் உண்டு. பயணம் முடிகிற வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

கடைசியாகக் கைக்காவல் பணம், அதாவது அவசரத்துக்கு ஒதுக்கி வைக்கும் பணம். 35,000மும் 42,000மும் சேர்ந்து 77,000. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 15,000, தனியாக வேண்டும். ஆகமொத்தம் 92,000. கைக்காவலை உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளாதீங்க. இருந்தால் லே கடைவீதியிலேயே தீர்ந்துவிடும். லாரிக்காரர் எவரும் டிரைவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்தனுப்ப மாட்டார். வீட்டில் கறாரான ஆள் ஒருவரிடம் விட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் அனுப்புவார். அனுப்பும் முன்னால் எதுக்கு, ஏன் என்று நாலு கேள்வி கேட்பார். பதில் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கமுங்க.