பொட்டு வெச்ச துப்பாக்கியும் பஃபிங் சக்கரமும்

(கோபிசெட்டிபாளையத்தில் பழம்பொருள் சேகரிப்போர் கூடிய ஒரு மாலையில் பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. மேசை மேல் துப்பாக்கி எதுவும் இல்லை, முன்வரிசையில் இருப்பவர்கள் நிம்மதியாக உட்காரலாம். உரிமம் எங்கண்ணன் பேரில் இருக்கிறது. அவரில்லாமல் நான் அதைக் கோணிப்பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தால், இந்தச் சொற்பொழிவை ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் ஆற்ற வேண்டியிருக்கும். போட்டோ மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். கை மாற்றிப் பாருங்கள்.

அது பி.எஸ்.ஏ. ரைபிள், குழாய் வாய் .22 அங்குலம். பி.எஸ்.ஏ. என்றதும் நம்ம பிள்ளைகளுக்கு சைக்கிள் ஞாபகம் வரும். அதே பேர்தான். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம்; 1861இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி, சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பிறகுதான் போனது. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்தினாற்போல ஒரு முத்திரை இருக்கும். போட்டோவில் அது மங்கலாகத்தான் தெரிகிறது. அந்த மங்கலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சே.

எங்க அப்பாரு, அதாவது தாத்தா, இதை வாங்கியது, சுதந்திரம் வந்த கையோடு சீமைக்குக் கிளம்பிய ஒரு வால்பாறை எஸ்டேட் துரையிடம். ஆனைமலை அடிவாரத்தில் எங்களுக்குக் கடலைக் காடு. ராத்திரி காவலுக்கு அப்பாரு இதைத் தோளில் சாய்த்துக்கொண்டு போவார். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அது சுட்டதெல்லாம் தகர டப்பாவைத்தான். அப்பாரு, அய்யன் (எங்கப்பா), இப்போது எங்கண்ணன் என்று மூன்று தலைமுறை கடந்துவிட்டது.

போன வருசம் அண்ணன் பேரன் பெங்களூரிலிருந்து வந்தான். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழாயில் கருநீலம் போய்ச் சாம்பல் தட்டியிருக்கிறது. தோளில் பதியும் மரக்கட்டையில் குழிகுழியாக அடி. "ஏனுங்க அப்பாரு, இப்படிப் போட்டு வெச்சிருக்கறீங்க? பஃபிங் அடிச்சு, பிளாக்கோடைசிங் பண்ணி, கட்டைக்கு மெலமைன் அடிச்சா ஒரு வாரத்துல புதுசாட்ட ஆயிருமுங்க" என்றான். பஃபிங் என்றால் சுழலும் துணிச்சக்கரத்தில் பளபளக்கத் தேய்ப்பது, பிளாக்கோடைசிங் இரும்புக்குக் கறுப்பு ஏற்றுவது, மெலமைன் மரத்துக்கு அடிக்கும் பளபளப்புப் பூச்சு. அண்ணன் என்னைப் பார்த்தார். பீளமேட்டில் முப்பது வருசம் டூல்ரூம் நடத்தியவன் நான். தேய்ந்த இரும்பைப் புதுசாக்குவதுதான் என் பிழைப்பு. நானே வேண்டாம் என்றதும் பையனுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

எங்க மாமனாரிடம் ஓர் இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி இருந்தது. கறுப்பு போய்விட்டது என்று வருத்தப்பட்டார். "ஹாட் பிளாக்கோடைசிங் குடுத்தாப் போதுமுங்க மாமா" என்று யோசனை சொன்னவன் நான்தான். எங்க பட்டறையில் போல்ட்டுக்கும் ஜிக்குக்கும் தினமும் செய்கிற வேலை அது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கரைசல் ஏறக்குறைய 140 டிகிரியில் கொதிக்கும். அதில் இரும்பை முக்கினால் அரை மணி நேரத்துக்குள் காக்கைக் கறுப்பாக வெளியே வரும். உரிமம் உள்ள ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்தோம், அவரும் அப்படியே செய்தார். நாங்கள் இருவரும் யோசிக்காதது ஒன்று. இரட்டைக்குழலில் இரண்டு குழாயையும் நடுவில் நீளமாக ஓடும் ரிப் என்ற இரும்புப் பட்டையையும் சேர்த்துப் பிடிப்பது ஈயப்பற்று. காஸ்டிக் ஈயத்தைத் தின்னும். துப்பாக்கி திரும்பி வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் ரிப் ஓர் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு எழும்பியிருந்தது. பல மாதம் அந்த இடுக்கிலிருந்து வெள்ளை உப்பு கசிந்துகொண்டே இருந்தது. மாமனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழலுக்கெல்லாம் மெதுவான துருநீலம்தான் கொடுத்திருக்கிறார்கள், அது ஈயப்பற்றைத் தின்னாது. இது விசித்திரமான வேலைங்க. இரும்பைத் துப்புரவாக்கி, துருப்பிடிக்க வைக்கும் திராவகத்தை ஒத்தி, ஈரமான பெட்டியில் வைத்து வேண்டுமென்றே துரு ஏற்றுவார்கள். செந்துரு படிந்ததும் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். சிவப்பு கறுப்பாக மாறும். மேலே நிற்கும் தூளை மெல்லிய கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மறுபடியும் துரு, மறுபடியும் கொதிநீர். இப்படிப் பல சுற்று, பல நாள். கடைசியில் நிற்கும் அந்தக் கருநீலமும் துருதான், சில மைக்ரான் தடிமனில்.

அந்தக் கறுப்புத் துருவுக்கு மேக்னடைட் என்று பேர். நம்ம சேலத்துக் கஞ்சமலையில் பாறையோடு பாறையாகக் கிடக்கிறதே இரும்புத் தாது, அதுவும் மேக்னடைட்தான். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்க நம்ம ஆட்கள் அங்கே ஊதி ஊதி மூச்சு வாங்கினார்கள். பர்மிங்காம்காரன் அந்த இரும்பின் தோலை மட்டும் மறுபடி தாதுவாக்கித் துப்பாக்கிக்குப் போர்த்திவிட்டான். இதை எங்க பட்டறைப் பையன்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

சரி, பஃபிங்குக்கு வருவோம். கோயம்புத்தூரில் பஃபிங் சக்கரம் இல்லாத தெருவைக் காட்டுவது கஷ்டம். கிரைண்டர், பம்பு, குத்துவிளக்கு, எல்லாம் சக்கரத்தில் ஏறும். சக்கரத்துக்குத் தேய்மானம் எது, முத்திரை எது என்று தெரியாது. துணிச்சக்கரம் பள்ளத்துக்குள்ளும் புகுந்து விளிம்பை உருட்டிவிடும். பஃப் அடித்த துப்பாக்கியை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். தட்டைப் பக்கத்தில் வெளிச்சக்கோடு நேராக ஓடாமல் தண்ணீரில் விழுந்த கயிறு மாதிரி நெளியும். ஸ்க்ரூ துளைகளின் வாய் புனல் மாதிரி சரிந்திருக்கும். எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் நிற்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல கறுப்பு ஏற்றினாலும் எழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நம்ம கோயில் தூண்களில் மணல்வீச்சு அடித்து கல்வெட்டு எழுத்து மழுங்கியதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அதே கதைதான்.

இதில் சட்டமும் இருக்கிறது. துப்பாக்கியில் பொறித்த எண்ணையோ பேரையோ அழிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் குற்றம். ரிப்பேர் வேலையையும் உரிமம் உள்ளவர்தான் செய்யலாம். "அழகு பண்ணினேனுங்க" என்றால் கேட்டுக்கொள்வார்களா?

கட்டை விசயம் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். வால்நட் மரம். செய்தபோது மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயரமாக நிற்கும்படி விட்டிருப்பார்கள். உப்புத்தாள் போட்டால் மரம் இரும்புக்குக் கீழே இறங்கிவிடும். அதை எந்தத் தச்சராலும் திரும்ப ஏற்ற முடியாது. குழி விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் ஆவியில் நார் உப்பி மேலே வரும், அதற்குமேல் தேவையில்லை. எங்க கட்டையில் இருக்கும் குழிகளில் பாதி தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்தபோது விழுந்தவை. மற்ற துப்பாக்கிகளோடு மூலையில் சாய்த்து வைத்தால் வேறென்ன ஆகும்? ஜனநாயகத்தின் தழும்பு என்று அண்ணன் சொல்வார்.

ஆனால் கன்னம் பதியும் இடத்தைப் பாருங்கள், மூன்றாவது போட்டோ. வழக்கமாகக் கட்டையின் இடப்பக்கம்தான் கன்னம் பட்டு எண்ணெய் ஏறிக் கறுக்கும். இதில் வலப்பக்கம் கறுத்திருக்கிறது. எங்க அப்பாரு பீச்சாங்கைக்காரர். இது வலப்பக்கம் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் இல்லாமல் கீழே லீவரை இழுத்தால் திறக்கும் மார்ட்டினி வகை, எந்தக் கைக்கும் ஒத்துவரும். துரையிடம் வேறு துப்பாக்கிகளும் இருந்தனவாம், அப்பாரு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று எனக்கு அந்தக் கறையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மெலமைன் அடிக்குமுன் உப்புத்தாள் போடுவார்கள். போட்டிருந்தால் இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நீங்கள் கேட்கலாம், பித்தளைப் பாத்திரத்துக்கு வருசாவருசம் ஈயம் பூசுகிறோமே, அம்மி கொத்துகிறோமே, அதெல்லாம் தப்பா என்று. நியாயமான கேள்விங்க. ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க முடியாது, கொத்தாத அம்மியில் மிளகாய் அரையாது. வேலைக்காகப் புதுப்பிக்கிறோம். போட்டிக்குச் சுடுகிற துப்பாக்கி என்றால், துரு தின்று பூச்சே இல்லை என்றால், முன்னமே எவனோ பஃப் அடித்துக் கெடுத்துவிட்டான் என்றால், தாராளமாகப் புதுப்பிக்கலாம். அந்தந்தக் காலத்து முறையில் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எங்களுடையது வருசத்தில் ஒருநாள் வெளியே வருகிற துப்பாக்கி.

அழுக்கு எது, சரித்திரம் எது என்பதிலும் அவசரம் கூடாது. நம்ம ராணுவத்தின் பழைய .303 ரைபிள்களில் சிலவற்றின் முன்கட்டையில் கம்பி சுற்றியிருக்கும். உடைந்ததற்கு நாட்டுவைத்தியம் என்று நினைத்துவிடுவோம். அது கிரனேடு வீசுவதற்காகப் போட்ட கட்டு. கழற்றிவிட்டால் அந்தத் துப்பாக்கி என்ன வேலை பார்த்தது என்பதும் போய்விடும்.

இப்போது நான்காவது போட்டோ. தட்டைப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று குழி, மிளகு அளவில். பேரன் முதலில் கை வைத்தது இங்கேதான். "இது துருதானே, இதையாச்சும் எடுத்தர்லாமுங்க."

அது எங்க ஆத்தா, அதாவது அம்மா, வைத்த பொட்டு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, மண்வெட்டி, கவலை இறைத்த சால், மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் துப்பாக்கிக்கு மூன்று இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஈரச் சந்தனம் ராத்திரி முழுக்க இரும்பில் உட்கார்ந்திருக்கும். மறுநாள் காய்ந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். தேங்காய் எண்ணெய் நாளானால் காரலெடுத்துவிடும், இரும்புக்கு அது காவலே இல்லை. ஒரே இடத்தில் வருசாவருசம் பொட்டு. ஆத்தா கை குறி தப்பாது. குழி விழுந்துவிட்டது. இந்தப் பக்கம் பர்மிங்காம்காரன் குத்தியது, அந்தப் பக்கம் எங்க ஆத்தா குத்தியது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்காகத் துருவை வளரவிட முடியாது. குழிக்குள் செந்துரு உயிரோடு இருந்தது. உரிமம் உள்ளவரிடம் கொண்டுபோய், கட்டையையும் ஸ்பிரிங்குகளையும் கழற்றி, இரும்பை மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அரைமணி நேரம் கொதிக்க வைக்கச் சொன்னேன். துருநீலத்துக்குச் செய்கிற அதே கொதிநீர்தான். சுரண்டவில்லை, தேய்க்கவில்லை. சிவப்பாக உள்ளே போன மூன்று பொட்டும் கறுப்பாக வெளியே வந்தன. பேரன் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தான். பிறகு தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, மேலே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசாக ஒரு பூச்சு. பிரிட்டிஷ் மியூசியத்து ஆய்வகத்தில் அரும்பொருளுக்கென்று உருவாக்கிய வகை மெழுகு அது. தோலுறையைத் தூக்கிப் போட்டுவிட்டோம், தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும்.

எல்லாம் முடிந்து ஆயுத பூஜை வந்தது. இனிமேல் பொட்டை மரப்பெட்டிக்கு வைத்தால் போதும் என்று எங்க நங்கையிடம், அதாவது அண்ணன் சம்சாரத்திடம் சொன்னேன். "பொட்டிக்கு வெக்கறதுக்கு என்னத்துக்குங்க ஆயுத பூஜை? அத்தை வெச்ச எடத்துலதான் வெப்பேன்" என்று அதே மூன்று குழியிலும் சந்தனத்தை வைத்துவிட்டார்கள். நான் தீபாராதனை முடிகிற வரை துணியும் எண்ணெயுமாகப் பக்கத்திலேயே நின்றேன். சூடம் அணைந்ததும் துடைத்துவிட்டேன். நங்கை முறைத்தார்கள். குங்குமம் கொஞ்சம் குழிக்குள்ளேயே தங்கிவிட்டது, அதை நோண்டவில்லை. ஐந்தாவது போட்டோவில் சிவப்பாகத் தெரிவது அதுதானுங்க, துரு இல்லை.