தலைமாட்டில் இருப்பவர்

வணக்கம். ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஓடிவந்து சர்ஜனின் கையைப் பிடித்துக்கொள்வார். பாட்டி கும்பிடுவார். "எந்த டாக்டர் செஞ்சாங்க?" என்று உறவுக்காரர்கள் விசாரிப்பார்கள். பக்கத்திலேயே, தள்ளுகட்டிலின் தலைமாட்டில், குழந்தையின் தாடையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் வந்துகொண்டிருப்பார். அவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முப்பது வருடமாக அந்த ஆள் நான்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மயக்க டாக்டரின் முகம் யாருக்கும் ஞாபகமில்லை என்றால், எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றுதான் பொருள்.

குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை எப்படி வளர்ந்தது என்று பேசச் சொன்னார்கள். கத்தியின் கதையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தலைமாட்டின் கதையைச் சொல்கிறேன். என் கட்சி இதுதான்: ஒரு குழந்தையை வலி தெரியாமல் தூங்கவைத்து, உயிரோடு வைத்திருந்து, பத்திரமாக எழுப்ப எந்த அளவுக்குத் தெரிந்திருந்ததோ, அந்த அளவுக்குத்தான் ஒவ்வொரு காலத்திலும் கத்தியால் உள்ளே போக முடிந்தது.

முதலில் அந்த உடம்பைப் பார்ப்போம். மூன்று கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி. ஒரு டம்ளர் அளவு. பெரியவருக்கு 25 மில்லி ரத்தம் போனால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். இந்தக் குழந்தைக்கு அது பத்தில் ஒரு பங்கு. அதனால் ரத்தத்தில் நனைந்த காஸ் துணியைத் தராசில் வைத்து எடை போடுகிறோம், நகைக்கடையில் போடுவதுபோல. எடைக்கு எடை கணக்குப் போட்டால் பெரியவரைவிட இரண்டு மடங்கு ஆக்சிஜன் செலவழிக்கிற உடம்பு அது, சேமிப்போ குறைவு. மூச்சு நின்றால் பெரியவருக்குச் சில நிமிடம் அவகாசம் உண்டு. கைக்குழந்தை அதற்கு வெகு முன்பே நீலம் பூத்துவிடும்.

மூச்சுக்குழாயின் உள்விட்டம் நான்கு மில்லிமீட்டர். குழாய் வைத்ததில் உரசி, சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் இரண்டு. பாதிதான் போயிற்று என்று நினைப்பீர்கள். பரப்பளவில் முக்கால் பங்கு போய்விட்டது. பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்போடு போகிற அதே வீக்கம், இங்கே ஆளைத் திணறடிக்கும். பிறகு சூடு. பச்சிளம் குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. உடம்பிலுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு பண்ணிக்கொள்ளும். மயக்க மருந்து அந்த வழியையும் மந்தமாக்கிவிடும். ஆகவே தியேட்டரைச் சூடாக்கி வைப்போம். சர்ஜனுக்கு வியர்த்துக் கொட்டும், முணுமுணுப்பார். நாங்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம்.

இதெல்லாம் தெரியாத காலம் ஒன்று இருந்தது. 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் நியூகாசிலுக்குப் பக்கத்தில், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. குளோரோஃபார்மைத் துணியில் விட்டு முகர வைத்தார்கள். சில நிமிடங்களில் அந்தப் பெண் இறந்துபோனாள். மயக்க மருந்தால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. ஒரு நகத்துக்காக! "சின்ன ஆபரேஷன்தானே டாக்டர்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம் வரும். சின்ன ஆபரேஷன் என்று ஒன்று இருக்கலாம். சின்ன மயக்கம் என்று எதுவும் கிடையாது.

அதே நியூகாசிலில், கிட்டத்தட்ட 90 வருடம் கழித்து, பிலிப் அயர் என்ற மயக்க மருத்துவர் ஒரு காரியம் செய்தார். அப்போதிருந்த கருவிகளெல்லாம் பெரியவர்களுக்குச் செய்தவை. கனமான வால்வுகள், ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தை அந்த வால்வைத் தள்ளித் திறக்க வேண்டும். உதட்டுப் பிளவு ஆபரேஷனுக்கு வந்த கைக்குழந்தைகள் அந்த வேலையிலேயே களைத்துப்போயின. 1937-இல் அயர் அதையெல்லாம் தூக்கி வைத்துவிட்டு, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரு சின்னக் குழாயை மட்டும் வைத்தார். ஒரு பக்கம் வாயு வரும், ஒரு பக்கம் மூச்சு போகும், வால்வே இல்லை. 1950-இல் லிவர்பூலின் ஜாக்சன் ரீஸ் அதன் வால்பகுதியில் வாய் திறந்த ஒரு பையைச் சேர்த்தார். அந்தப் பையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டால் குழந்தையின் நுரையீரலையே பிடித்திருப்பதுபோல இருக்கும். சளி அடைத்தால், குழாய் சற்று நகர்ந்தால், மானிட்டர் கத்துவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். இன்றும் என் ட்ராலியில் அது உண்டு.

இடையில் 1938 ஆகஸ்டில் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் சர்ஜன், ஏழு வயதுச் சிறுமியின் இதயத்தருகே, பிறந்தவுடன் மூடியிருக்க வேண்டிய ரத்தக்குழாய் ஒன்றைக் கட்டினார். அவருடைய தலைமை மருத்துவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் செய்தார் என்பது எங்கள் துறையில் எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை. குழந்தைகளின் பிறவி இதயக் கோளாறுக்கான அறுவை சிகிச்சை அங்கேதான் தொடங்கியது. திறந்த மார்போடு அந்தச் சிறுமியை மூச்சுவிட வைத்துக்கொண்டிருந்தவர் பெட்டி லாங்க் என்ற செவிலி. கிராஸ் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. லாங்க் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது எங்கள் துறை வெட்கப்பட வேண்டிய விஷயம்.

1980-கள் வரைக்கும், பல நாடுகளில், குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரிய ஆபரேஷன் செய்யும்போது வலிமருந்து கொடுக்கவில்லை. தசையைத் தளர்த்தும் மருந்து கொடுப்பார்கள், குழந்தை அசையாது. கூடவே கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற லேசான மயக்க வாயு. அவ்வளவுதான். அசைய முடியாது, அழ முடியாது. மார்பைத் திறந்துகொண்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், நரம்புகள் இன்னும் முதிரவில்லை, வலி தெரியாது என்பார்கள். கொஞ்சம் நேர்மையானவர்கள் இரண்டாவது காரணத்தையும் சொல்வார்கள்: மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்து குழந்தை இறந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் பயத்தை ஒப்புக்கொள்வதைவிட 'வலி தெரியாது' என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்த கன்வால்ஜித் சிங் ஆனந்த் என்ற இளம் மருத்துவர், தியேட்டருக்கு நன்றாகப் போன குழந்தைகள் வாடி வதங்கித் திரும்புவதைக் கவனித்தார். ஏன் என்று பார்க்க அவரும் சகாக்களும் புறப்பட்டு, குறைமாதக் குழந்தைகளில் ஒரு சாராருக்கு வழக்கமான மயக்கத்தோடு ஃபென்டனில் என்ற வலிமருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கப்படி. இரு சாராரின் ரத்தத்திலும் அதிர்ச்சி ஹார்மோன்களை அளந்தார்கள். வலிமருந்து கிடைக்காத குழந்தைகளின் உடம்பு கொந்தளித்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிந்திய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. எதைக் கொடுத்தால் குழந்தை செத்துவிடும் என்று பயந்தோமோ, அதைக் கொடுக்காததுதான் குழந்தையைப் பாடாய்ப் படுத்தியது.

எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள், குழந்தைக்கு வலிக்கும் என்று. நாங்கள் அழுகையை நம்பவில்லை. ஹார்மோன் கணக்கு வந்த பிறகுதான் நம்பினோம். அதன் பிறகு வந்த வேகம் பெரிது. முதுகின் அடியில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது, அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்துப் பார்த்து மருந்து வைப்பது, ஊசி குத்தும் இடத்தில் முன்கூட்டியே மரப்பு களிம்பு தடவுவது, பேசத் தெரியாத குழந்தையின் முகச்சுளிப்பையும் கால் உதைப்பையும் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடுவது, எல்லாம் வழக்கமாயின.

பெண்டுலம் பிறகு மறுபக்கம் போயிற்று. 2003-இல், எலிக்குட்டிகளுக்கு மயக்க மருந்துகள் கொடுத்துப் பார்த்தபோது மூளைச் செல்கள் அழிந்தது தெரியவந்தது. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ கொடுக்கும்போது எச்சரிக்கை தேவை என்றது. பெற்றோர்கள் நடுங்கிப்போனார்கள். நியாயம்தான். ஆனால் ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குடலிறக்க ஆபரேஷன், பாதிப் பேருக்கு முழு மயக்கம், பாதிப் பேருக்கு விழித்த நிலையிலேயே முதுகில் மரப்பு ஊசி. ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. 2019-இல் அந்த முடிவு வந்தது. ஆக, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஒரே ஒரு மயக்கத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். நீண்ட, பலமுறை மயக்கம் என்றால் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. தேவையான ஆபரேஷனை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போடலாமா என்று கேட்கவும் தயங்காதீர்கள்.

கத்திப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் என் சர்ஜன் நண்பர்கள் கோபிப்பார்கள். விரல் நுழையாத துளை வழியாகக் கேமரா விடுகிறார்கள். கருவிலேயே முதுகுத்தண்டுப் பிளவை மூடுகிறார்கள். 2011-இல் வந்த ஆய்வில், பிறந்தபின் மூடிய குழந்தைகளில் 82 சதவீதத்துக்கு மூளைநீரை வடிக்கக் குழாய் தேவைப்பட்டது, கருவிலேயே மூடியவர்களில் 40. அதற்கு விலையும் உண்டு: குறைப்பிரசவம், தாயின் கருப்பையில் ஒரு தழும்பு. ஆனாலும் எனக்குப் பிடித்த முன்னேற்றம் கத்தியைக் கீழே வைத்ததுதான். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தையை முன்பெல்லாம் பிறந்த சில மணி நேரத்திலேயே தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இப்போது நுரையீரல் நிதானப்படும்வரை காத்திருக்கிறோம், நாட்கணக்கில்கூட. இரைப்பை வாசல் இறுகிப் பீச்சியடித்து வாந்தியெடுக்கும் குழந்தைக்கு முதலில் ரத்தத்தில் உப்புகளைச் சரிசெய்கிறோம், பிறகுதான் ஆபரேஷன். காத்திருப்பதும் வைத்தியம்தான் என்று புரிய எங்களுக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

ஆபரேஷனுக்கு முன் குழந்தையைப் பட்டினி போடும் விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில், நான் வேலை பார்த்த ஓரிடத்தில், "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் எதுவும் கூடாது" என்பதுதான் சட்டம். காலையில் ஏழு மணிக்கா, மதியம் பன்னிரண்டுக்கா என்ற கவலையே இல்லை. ஒரு நான்கு வயதுப் பெண், பல் தேய்க்கப் போன இடத்தில் குழாயில் வாயை வைத்து உறிஞ்சிவிட்டாள். நான் ஆபரேஷனை ரத்து செய்தேன், அவள் அம்மாவைத் திட்டவும் செய்தேன். இன்றைய அறிவுப்படி அந்தத் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். 2018-இல் ஐரோப்பியக் குழந்தை மயக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து அதைத்தான் சொன்னார்கள். பாலும் திட உணவும் வேறு கணக்கு, அதில் சலுகை கிடையாது. ஆனால் தெளிந்த நீர் மறுக்கப்பட்ட குழந்தை காய்ந்துபோகிறது, ஊசி போட ரத்தக்குழாய் கிடைக்காது, எரிச்சலில் கத்துகிறது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை.

இந்த முன்னேற்றமெல்லாம் எல்லாக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்ததா? 2021-இல் 74 நாடுகளின் மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று லான்செட்டில் வந்தது. வயிற்றுச் சுவரில் திறப்போடு, குடல் வெளியே வந்து பிறக்கும் குழந்தைகளில், பணக்கார நாடுகளில் நூற்றுக்கு ஒன்று இரண்டு இறக்கின்றன. மிக ஏழை நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு. நோய் ஒன்றுதான். குடலை உடனே சுத்தமான பையில் மூடிக் கதகதப்பாக வைப்பது, ரத்தக்குழாய் வழியாக ஊட்டம் கொடுப்பது, தலைமாட்டில் பழக்கப்பட்ட ஒருவர். இந்த மூன்றில் எது எங்கே இல்லை என்பதுதான் வித்தியாசம். உலகம் முழுக்க 170 கோடிக் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அறுவை சிகிச்சை எட்டாக்கனி என்கிறது இன்னொரு கணக்கு.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வருகிறது. பெற்றோருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். மயக்க டாக்டர் வந்து கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். சென்ற இரண்டு வாரத்தில் சளி பிடித்திருந்தால் சொல்லுங்கள். குரல்வளை திடீரென்று இறுகிக்கொள்ளும் ஆபத்து அப்போது அதிகம். யாரும் பார்க்காதபோது பிஸ்கட் தின்றுவிட்டான் என்றால், நாங்கள் திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தின்போது உடம்பு அனலாய்க் கொதித்தது என்ற பேச்சு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆடுகிற பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், தூக்கத்தில் அது கழன்று மூச்சுக்குழாய்க்குள் விழுந்தால் எங்கள் பாடு திண்டாட்டம்.

டான்சில் எடுக்க வந்த ஆறு வயதுப் பையன் ஒருவன். தியேட்டர் வாசலில்தான் அவன் அம்மா சொன்னார், முன்பல் ஒன்று ஆடுகிறது என்று. அவன் தூங்கியதும் முதல் வேலையாக அதை எடுத்து, சாம்பிள் பாட்டிலில் போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தேன். விழித்ததும் நாக்கால் துழாவினான். முகம் கோணியது. "தொண்டை வலிக்குதாடா?" என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, "என் பல்லு?" என்றான். பாட்டிலைக் கையில் கொடுத்தேன். காதருகே வைத்து இரண்டு முறை குலுக்கிப் பார்த்தான். அப்புறம்தான் அழுகை வந்தது. "நான்தானே பிடுங்கணும்னு வச்சிருந்தேன்..."