பஸ் நிற்கிற இடத்தில் கடை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஷாப்பிங் மால்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பித்தவன். இலங்கை மலைநாட்டு டவுன்களில் எந்தக் கடை நிலைக்கிறது, எது பூட்டப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது என் பழக்கம். ஆனால் இந்தக் கதையை அமெரிக்காவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்துக்கு அருகே ஈடைனா என்று ஒரு புறநகர் இருக்கிறது. அங்கே 1956 அக்டோபரில் சவுத்டேல் என்ற கடைத்தொகுதி திறக்கப்பட்டது. 72 கடைகள், அவற்றோடு ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு பெரிய பல்பொருள் அங்காடிகள், எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்தப் பக்கம் குளிர்காலத்தில் பனி கொட்டும், கோடையில் புழுங்கும். அதனால் முழுக் கட்டடத்தையும் மூடி, வருடம் முழுக்க உள்ளே ஒரே இதமான வெப்பம் இருக்கும்படி செய்தார்கள். நடுவிலே மரம் செடி, மீன் தொட்டி, பெரிய பறவைக் கூண்டு. வெளியே 5,000க்கு மேற்பட்ட கார்கள் நிறுத்த இடம். இன்று உலகம் முழுக்க நாம் காணும் மால்களுக்கு அச்சாக இருந்தது இதுதான்.

இதை வடிவமைத்தவர் விக்டர் குரூன். வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் தப்பி அமெரிக்காவுக்குப் போனவர். வியன்னாவில் ஆட்கள் நடந்து திரிவார்கள், கோப்பி குடித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். அமெரிக்கப் புறநகரில் வீடு இருந்தது, கார் இருந்தது, மனிதர்கள் கூடுவதற்கு ஓர் இடம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அவர் நினைத்தார். அவருடைய திட்டத்தில் கடைகளைச் சுற்றி வீடுகள், பாடசாலை, வைத்திய நிலையம், பூங்கா, ஏரி எல்லாம் இருந்தன. காசு போட்டவர்கள் கடைகளில்தான் கவனம் வைத்தார்கள். மற்றதில் பெரும்பகுதி வரைபடத்தோடு நின்றுவிட்டது.

பிறகு நாடு முழுக்க மால்கள் எழும்பின. அதற்கு ஒரு காரணம் வரிச் சட்டம். வணிகம் படித்த பிள்ளைகளுக்குப் பெறுமானத் தேய்வு தெரிந்திருக்கும். கட்டடம் வருடா வருடம் தேய்கிறது என்று கணக்குக் காட்டி வரியைக் குறைக்கலாம். 1954இல் அமெரிக்கா கொண்டுவந்த மாற்றத்தால், அந்தத் தேய்வின் பெரும் பங்கை முதல் வருடங்களிலேயே கழித்துக்கொள்ள முடிந்தது. புதுக் கட்டடம் கட்டுவதே இலாபம் என்று ஆகிவிட்டது. 1956இல் நெடுஞ்சாலைச் சட்டமும் வந்தது. வெறும் நிலத்தில் நெடுஞ்சாலை போனது, அதன் ஓரத்தில் மால் எழுந்தது. அந்த ஊருக்கு அத்தனை கடை வேண்டுமா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

ஒரு மால் விழும் விதத்தையும் சொல்ல வேண்டும். பெரிய அங்காடிதான் கூட்டத்தை இழுக்கும், ஆனால் அது கொடுக்கும் வாடகை குறைவு. அந்தக் கூட்டத்தை நம்பி வரும் சின்னக் கடைகள்தான் கூடுதலாகக் கட்டும். பெரியது மூடப்பட்டால் வாடகையைக் குறைக்கவோ வெளியேறவோ சின்னக் கடைகளுக்கு உரிமை தரும் ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. ஆக, ஒரு பெரிய கடை போனால் பத்துச் சின்னக் கடைகள் பின்னாலேயே போகும். ஒஹாயோ மாநிலத்தில் 1976இல் பிரமாண்டமாகத் திறந்த ராண்டல் பார்க் மால் 2009இல் மூடப்பட்டது. பிறகு இடிக்கப்பட்டது. அதே நிலத்தில் இப்போது இருப்பது அமேசான் கம்பனியின் களஞ்சியம். டெட்ராய்ட்டுக்கு அருகே குரூனே வடிவமைத்து 1954இல் திறந்த நோர்த்லாண்டும் 2015இல் மூடப்பட்டுவிட்டது.

குரூன் 1968இல் வியன்னாவுக்குத் திரும்பிப் போனார். தன் பெயரால் கட்டப்பட்ட மால்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று கடைசிக் காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். வியன்னாவுக்குத் தெற்கே 1976இல் ஒரு பெரிய மால் திறக்கப்பட்டதையும் பார்த்துவிட்டு, 1980இல் காலமானார். அந்த மனிதருக்காக நான் உண்மையாகவே வருந்துகிறேன். சந்தி ஒன்றைக் கட்ட நினைத்தவருக்கு வாகனத் தரிப்பிடம்தான் மிஞ்சியது.

சரி, நம் மலைக்கு வருவோம்.

மலைநாட்டு டவுன்கள் காருக்காக உண்டானவை அல்ல. ரயில் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. தேயிலைப் பெட்டி இறங்கவும் அரிசி மூட்டை ஏறவும் தேவைப்பட்ட இடங்களில் கடைத்தெருக்கள் வளர்ந்தன. ஆனால் தோட்டத்துச் சனங்களுக்கு அந்தக் கடைத்தெரு நீண்ட காலம் கிட்டவில்லை. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. மற்றச் சாமானுக்குத் தோட்டக் கடை, அங்கே கடன் கொப்பி. சம்பள நாளில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பது செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டுக்கும் கடைக்காரருக்கும்தான் தெரியும். இன்ன துணி வேண்டும், இன்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கும் உரிமை நம் பாட்டிமாருக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. அதனால்தான், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போய், நாலு கடை ஏறி இறங்கி, விலை பேசி வாங்குவதை நான் வெறும் செலவாகப் பார்ப்பதில்லை. தன் சம்பளத்தைத் தானே செலவழிக்கும் பெருமை அதில் இருக்கிறது.

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. புடவைக் கடைகளில் புதுத் துணிகள், கண்ணாடி அலுமாரிக்குள் ரேடியோ, டிவி. ஆனால் 1983 ஜூலையில் கண்டி, நுவரெலியா, பதுளை என்று ஊர் ஊராகத் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. பல குடும்பங்கள் திரும்பி வரவே இல்லை. திரும்பி வந்தவர்கள் கரி பிடித்த சுவர்களுக்குள் மீண்டும் பலகை அடித்தார்கள். இன்று நாம் நடக்கும் கடைத்தெருக்களில் பல அப்படி எழுந்தவை. கடைகளின் ஏற்ற இறக்கம் என்று பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது.

மால் என்பது நம் பக்கம் வந்தது கண்டி தலதா வீதியில் எழுந்த கண்டி சிட்டி சென்டரோடு. குளிரூட்டிய மாடிகள், எஸ்கலேட்டர், ஒரே தளத்தில் பலவகைச் சாப்பாடு. அது புறநகரில் இல்லை, நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிறவர் நடந்தே போகலாம். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க மாலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலைப் பக்கம் முளைத்த சூப்பர் மார்க்கட்டுகள்தான் கார், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களை நம்பி நிற்பவை.

கடந்த சில வருடங்களில் எல்லாக் கடைகளும் அடி வாங்கின. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், 2020 ஊரடங்கு, 2022இல் டீசலும் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. குளிரூட்டிய கட்டடத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு எண்ணெய் வேண்டும். தெருவோரத்தில் மரக்கறி விற்ற பெண்ணுக்கு ஒரு மெழுகுவர்த்தி போதும். ஆனால் வாங்குகிறவர் கையில் காசில்லாதபோது இரண்டு பேருக்கும் ஒரே பாடுதான். அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாயாகி அப்போது ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அரிசிக்கும் மாவுக்கும் போக ஹட்டன் புடவைக் கடைக்கு என்ன மிஞ்சியிருக்கும்? நம் டவுன் வியாபாரத்தின் நாடி தோட்டத்துச் சம்பளத்தில் துடிக்கிறது. தீபாவளி முற்பணம் தாமதமானால் முதலில் முகம் வாடுவது தொழிலாளி, அடுத்தது கடைக்காரர்.

இப்போது போனில் ஓடர் செய்கிறார்கள். இளம் பிள்ளைகள் சட்டையும் சப்பாத்தும் அப்படித்தான் எடுக்கிறார்கள். அதிலும் ஒரு தடை உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகிறது. பார்சல் கொண்டுவருபவர் போன் எடுத்து, 'டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார். ஆக, ஒன்லைனில் வாங்கினாலும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. நம் டவுன்களில் உள்ளூராட்சி சபைகள் கட்டும் மாடிக் கடைத்தொகுதிகளைப் பாருங்கள். கீழ்மாடியில் சனம், மேல்மாடியில் பூட்டிய ஷட்டர்கள். கொழுந்து எடுத்துக் களைத்த கால் மூன்றாம் மாடிக்கு ஏறாது. நடைபாதை வியாபாரிகளை பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளப்பி அங்கே கொண்டுபோய் வைத்தால் அவர்கள் பிழைப்பும் போகும், வாங்குகிறவருக்கும் அலைச்சல். சுத்தமும் ஒழுங்கும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சபையில் யாராவது படம் வரையத் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நின்று, சனம் எந்தப் பக்கம் நடக்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

குரூனின் திட்டத்தில் விடுபட்டுப்போனவற்றையும் நாம் கேட்கலாம். சவுத்டேல் இன்றும் நடக்கிறது. பல்பொருள் அங்காடி ஒன்று போன இடத்தில் 2019இல் உடற்பயிற்சி நிலையம் வந்தது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் வந்தன, ஹோட்டல் வந்தது. அவர் கேட்டதில் கொஞ்சம் அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்திருக்கிறது. நம் டவுன்களில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மழைக்கு ஒதுங்கக் கூரை, உட்கார வாங்கு, காசு கேட்காத, தண்ணீர் வருகிற பெண்கள் கழிப்பறை, பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவு. காலை ஆறு மணி பஸ்ஸில் தோட்டத்து டிவிஷனிலிருந்து இறங்கி, மாலை நாலு மணி பஸ் வரும்வரை டவுனில் நிற்கும் தாய்மார் நிறையப் பேர். உங்கள் நகர சபையிலோ பிரதேச சபையிலோ அடுத்த கடைத்தொகுதிக்குத் திட்டம் போடும்போது, கடை அறைகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள். எழுத்தில் கொடுத்துப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

வணக்கம்.