தினத்தொடரும் காகிதக் கையிருப்பும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்கள் எப்படித் தயாராகின்றன, அவற்றை உருவாக்குகிறவர்கள் யார் யார் என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். வசனம் எழுதுபவனாகத் தொடர்களோடு நெடுங்காலம் இருந்தவன் என்பதால், நான் அதிகம் பேசப்போவது நடிகர்களைப் பற்றியோ கேமராவைப் பற்றியோ அன்று, காகிதத்தைப் பற்றி. படப்பிடிப்புத் தளத்தில் ‘சீன் பேப்பர்’ என்று வழங்கப்படும் அந்தக் காகிதம் வந்து சேரும் வரையில், ஒப்பனை முடித்த நடிகர்களும் விளக்கு அமைத்தவர்களும் ஒரு வீடு நிறையக் காத்திருப்பார்கள். தினத்தொடர்களைப் பற்றி நம் வீடுகளில் எழுகிற குறைகளில் பெரும்பாலானவை அந்தக் காகிதம் தாமதமாவதால் வருகிறவை என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் ஒரு சிறு கணக்கைக் கேளுங்கள். நம் நாட்டு விதிகளின்படி ஓர் அலைவரிசை ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் செய்யலாம். அந்த அலைவரிசையின் சொந்த நிகழ்ச்சிகளுக்கான முன்னோட்டமும் அதில் அடக்கம். ஆகவே அரை மணி நேரத் தொடருக்கு 24 நிமிடம் கிடைக்கிறது. முகப்புப் பாடல், முன்கதைச் சுருக்கம், நாளைய முன்னோட்டம் ஆகியவை போக, புதிதாகப் படம்பிடித்துத் தர வேண்டியது ஏறத்தாழ 20 நிமிடம். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் ஒளிபரப்பு என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதாவது, ஒரு முழுத் திரைப்படத்தின் நீளம் கொண்ட கதையை ஒரு குழு ஒவ்வொரு வாரமும் எழுதி, நடித்து, படத்தொகுப்பு முடித்து, குரல் சேர்த்துக் கொடுக்கிறது. அடுத்த வாரமும் கொடுக்கிறது. சில தொடர்களில் ஐந்தாறு ஆண்டுகள் இடைவிடாமல் கொடுக்கிறது. 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ தொடர் ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளைத் தாண்டியது என்பதும், அதை இயக்கிய திருச்செல்வம் அதிலேயே ஒரு பாத்திரத்தில் நடித்தார் என்பதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, காகிதம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். தொடரின் தொடக்கத்தில் கதாசிரியர் ஒரு பெருங்கதையைச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருப்பார். அது பெரும்பாலும் முதல் நூறு பகுதிகளுக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு கதை ‘டிராக்’ டிராக்காக நகரும். மூத்த மருமகளின் கடன் ஒரு டிராக், இளையவளின் படிப்பு ஒரு டிராக், வீட்டுப் பத்திரம் ஒரு டிராக் என்று இயக்குநர், கதை, திரைக்கதை எழுதுபவர்கள், தயாரிப்பு நிறுவனத்தார், அலைவரிசையின் கிரியேட்டிவ் பிரிவினர் ஆகியோர் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அந்த முடிவு ‘ஒன்லைன்’ என்ற பெயரில் காட்சிக்கு ஒரு வரி வீதம் எழுதப்படும். அதைத் திரைக்கதையாசிரியர் விரிப்பார். அவர் விரித்ததற்கு வசனகர்த்தா பேச்சுக் கொடுப்பார். திரையில் ‘கதை’, ‘திரைக்கதை’, ‘வசனம்’ என்று மூன்று பெயர்கள் தனித்தனியாக வருவது மரியாதைக்காக மட்டும் அன்று. மூவரும் வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்து ஒரே நாளைக்காக ஓடிக்கொண்டிருக்கிறவர்கள்.

தளத்தில் நடப்பது வேறு உலகம். சென்னையில் வளசரவாக்கத்திலும் சாலிகிராமத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடப்படும் வீடுகள் உள்ளன. ஒரு வீட்டின் சமையலறையில் கேமரா வைத்தாயிற்று என்றால், அந்தச் சமையலறையில் நடக்க வேண்டிய காட்சிகள் எத்தனை பகுதிகளுக்கு உரியவையாக இருந்தாலும் அன்று காலையிலேயே எடுத்து முடித்துவிடுவார்கள், ஏனென்றால் மாமியாராக நடிப்பவர் மாலையில் வேறொரு தொடருக்குக் கால்ஷீட் கொடுத்திருப்பார். ஆக, ஒரு நடிகை காலை பத்து மணிக்கு மருமகனின் துரோகத்தை அறிந்து அழுகிறார். பத்தரைக்குப் புடவை மாற்றிக்கொண்டு, அந்தத் துரோகத்தை இன்னும் அறியாத முந்தைய நாளின் காட்சியில் அதே மருமகனுக்குக் காபி கொடுக்கிறார்.

இந்த இடத்தில் ‘கன்டினியூட்டி’ பார்க்கும் உதவி இயக்குநரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தாலிச் சரடு புடவைக்கு வெளியே கிடந்ததா உள்ளே இருந்ததா, தலையில் இருந்த மல்லிகை தோளுக்கு முன்னால் விழுந்திருந்ததா, நெற்றியில் பொட்டுக்கு மேலே குங்குமம் இருந்ததா, அடுப்பில் பால் பாத்திரமா குழம்புச் சட்டியா, கையில் போட்ட கட்டு எந்தக் கை என்பதை எல்லாம் அவர்தான் கணக்கு வைக்கிறார். முன்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். இப்போது கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரு பாட்டி, “நேத்து வலது கையிலதானே கட்டு இருந்துச்சு?” என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஓர் இளைஞர் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருக்கிறார். அவர் பெயர் திரையில் ஓடும் வேகத்தில் அவருடைய தாயார்கூடப் படித்துவிட முடியாது.

அந்த இளைஞருக்கோ அவருடைய தோழருக்கோ இன்னொரு வேலையும் உண்டு. கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தை ஒவ்வொரு வரியாகப் படிக்க, நடிகர் அதைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்வார். இதைப் ‘பிராம்ப்டிங்’ என்போம். காட்சித்தாள் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் வந்தது என்னும்போது மனப்பாடம் செய்வதற்கு எங்கே நேரம்? கன்னடத்தையோ மலையாளத்தையோ தாய்மொழியாகக் கொண்ட நடிகைக்கு இது இன்னும் தேவை. இதனால் வசனம் எழுதுகிறவரின் கையும் மாறிவிடுகிறது. ஒரே மூச்சில் கேட்டு ஒரே மூச்சில் சொல்லக்கூடிய அளவுக்கு வாக்கியத்தைத் துண்டு துண்டாக எழுதப் பழகிக்கொள்கிறோம். தொடர்களில் மட்டும் மனிதர்கள் ஏன் இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள் என்று வியந்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

இப்போது கையிருப்புக்கு வருகிறேன். ஒளிபரப்புக்குத் தயாராக முடித்து வைத்திருக்கும் பகுதிகளைத் தொழிலில் ‘பேங்க்’ என்பார்கள். எல்லாத் தயாரிப்பாளரும் பேங்க் வைத்துக்கொள்ளவே விரும்புகிறார்கள். ஆனால், நான் பார்த்த வரையில், எழுதி முடித்த காகிதத்துக்குக் கையிருப்பு வைப்பவர்கள் மிகக் குறைவு. காகிதக் கையிருப்பு தீர்ந்த நாளில் என்ன ஆகும் தெரியுமா? ஆறு காட்சி வர வேண்டிய இடத்தில் நான்கு காட்சிதான் வந்து சேரும். 20 நிமிடமோ குறையாது. அப்போது இயக்குநர் செய்யக்கூடியது ஒன்றே: ஒருவர் ஒரு சொல் சொன்னதும் அறையில் உள்ள ஏழு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாக, இசையோடு, காட்டுவது. இதை ‘ரியாக்‌ஷன்’ என்கிறோம். கதவு தட்டும் ஓசை கேட்டு ஒரு பெண் எழுந்து போய்த் திறப்பதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடுகிறதே, அது இயக்குநரின் திறமைக் குறைவு அன்று. எழுதுகிறவருக்கு யோசிக்க ஒரு நாள் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம்.

யோசிக்க நேரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற ஒரு கதை உண்டு. என் நண்பர்கள் பலமுறை கேட்டுச் சலித்தது, ஆனாலும் சொல்கிறேன். 1984-ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடர் தொடங்கியது. மெக்சிகோ நாட்டில் மிகேல் சாபிதோ என்பவர் சமூகச் செய்திகளைத் தொடர்கதைக்குள் வைத்துச் சொல்லும் முறையை வெற்றிகரமாக நடத்திக் காட்டியிருந்தார். தகவல் ஒலிபரப்புத் துறையில் பொறுப்பில் இருந்த எஸ். எஸ். கில் அந்த முறையை இங்கே கொண்டுவர விரும்பினார். மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதினார், பி. குமார் வாசுதேவ் இயக்கினார். ஒரு கீழ் நடுத்தரக் குடும்பம். குடித்துத் திரியும் தகப்பன், பொறுத்துப் பொறுத்தே தேய்ந்துபோன தாய் பாகவந்தி, பட்கீ, சுட்கீ, லல்லு, நன்ஹே என்று பிள்ளைகள். தொடங்கிய சில வாரங்களில் தொடர் தடுமாறியது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் கதையை விழுங்கிவிட்டது, பார்ப்பவர்களுக்கு அலுத்தது. ஏறக்குறைய பதின்மூன்று பகுதிகள் போன பிறகு, எழுதியவரும் குழுவும் பிரசாரத்தைக் குறைத்துக்கொண்டு, பெண்களின் நிலை, வீட்டுக்குள் உறவுகள் என்று கதையைத் திருப்பினார்கள். நாடே அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பத்தைத் தன் பக்கத்து வீடாக ஏற்றுக்கொண்டது.

இதில் நான் வியப்பது அடுத்த பகுதியை. ஒவ்வொரு நாளும் தொடரின் முடிவில் முதுபெரும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய நிகழ்வைப் பற்றி அரை நிமிடம் பேசுவார், எழுதுங்கள் என்பார். மக்கள் எழுதினார்கள். லட்சக்கணக்கில் கடிதங்கள் வந்தன. பட்கீ தன் மனத்துக்குப் பிடித்தவரை மணக்க வேண்டும் என்று முன்பின் அறியாத பெண்கள் எழுதினார்கள். பாகவந்தியைப் போல அடங்கிப் போகக் கூடாது என்று காட்டுவதற்காகப் படைக்கப்பட்ட தாயையே பலர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டு திகைத்தார்கள். 1985 டிசம்பர் 17 அன்று தொடர் முடிந்தபோது 150-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஆகியிருந்தன. நேயர்களே, கூட்டிப் பாருங்கள்: பதினேழு மாதத்தில் அவ்வளவுதான், வாரத்துக்கு இரண்டு பகுதி என்ற அளவு. கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்கும் இரண்டு நாள் யோசிப்பதற்கும் ஜோஷிக்கு இடம் இருந்தது. அந்த இடம்தான் எங்களுக்கு இல்லை. திரும்பவும் சொல்கிறேன், அந்த இடைவெளிதான் எங்களுக்கு இல்லை.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து வாரத் தொடர்களும் பதின்மூன்று வாரத் தொடர்களும்தான் வழக்கம். 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி வந்த பிறகும் சில ஆண்டுகள் வாரத் தொடர்களுக்கு நல்ல இடம் இருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடரை இன்றும் மக்கள் தேடிப் பார்ப்பதற்கு, ஒரு நாவலாசிரியர் முடிவை அறிந்துகொண்டு தொடக்கத்தை எழுதினார் என்பதே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று எங்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாக வியாழக்கிழமை இருக்கிறது. ‘பார்க்’ என்னும் அமைப்பு, தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி அளந்த புள்ளிகளை வாரந்தோறும் வியாழனன்று வெளியிடுகிறது. எந்த நிமிடத்தில் கூட்டம் குறைந்தது என்று அது சொல்லும், ஏன் குறைந்தது என்று சொல்லாது. அந்த ‘ஏன்’ என்பதை யூகிக்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை நடக்கும். அதில் ஒரு டிராக் கைவிடப்பட்டால், ஏற்கெனவே எழுதி வைத்த கொஞ்சநஞ்சக் காகிதமும் பயனற்றுப் போகும். ஒரு பாத்திரம் திடீரென்று வெளியூருக்கு அனுப்பப்பட்டால், பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமைதான் பயணச்சீட்டு வாங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சில வேளைகளில் கூட்டத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. 2023 செப்டம்பர் 8 அன்று காலை, ‘எதிர்நீச்சல்’ தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நடிகர் மாரிமுத்துவுக்கு உடல்நலம் குன்றி, மருத்துவமனைக்குச் சென்ற அவர் காலமானார். தொடரின் அச்சு அவர் ஏற்றிருந்த ஆதி குணசேகரன் பாத்திரம். தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்ட பாத்திரம். அந்தக் குழு தன் துயரத்தோடு அடுத்த பகுதிக்கும் காகிதம் தேட வேண்டியிருந்தது. பாத்திரம் வீட்டை விட்டுக் காணாமல் போனதாகக் கதையை நகர்த்தி, அவர் இல்லாத வீட்டில் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையே சில வாரக் கதையாக்கி, அதன் பிறகு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது எத்தனை கடினமான எழுத்து வேலை என்பதை அந்தத் தொழிலில் இருப்பவனாக நான் தலைவணங்கிச் சொல்ல விரும்புகிறேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நண்பர் நேரம் நெருங்குகிறது என்று கையசைக்கிறார். படத்தொகுப்பாளர், பின்னணி இசை, குரல் கலைஞர்கள் ஆகியோரைப் பற்றித் தனியாகவே சொல்ல எண்ணியிருந்தேன். இயன்றதை விரைந்து சொல்லிவிடுகிறேன். பிராம்ப்டிங் ஒலி உள்ளே கலந்திருப்பதால் பெரும்பாலான தொடர்களில் தளத்தில் பதிவான குரல் உதவாது. முழுப் பகுதிக்கும் மீண்டும் குரல் கொடுக்க வேண்டும். அதனால்தான் பல நடிகைகளின் முகத்துக்கு வேறொருவர் குரல். அந்தக் குரல் கலைஞர் ஒரே நாளில் ஒரு தொடரின் மருமகளுக்கும் இன்னொரு தொடரின் வில்லிக்கும் பேசுவார். வசனத்தாளில் எங்கள் கையெழுத்து புரியாத இடங்களில் திரையில் உதடு அசைவதைப் பார்த்தே சொல்லைக் கண்டுபிடித்துத் தருகிறவர்களும் அவர்கள்தான். படத்தொகுப்பாளரோ, அன்றிரவு ஒளிபரப்பாக வேண்டிய பகுதியை அன்று மாலை வரை கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிறுத்தினால் நாளை நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருப்பார். பல நேரங்களில் நாங்கள் எழுதிய முடிவு அவர் மேசையில் மாறியிருக்கும், பெரும்பாலும் நல்லதற்காகவே.

இசையைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.